கல்லடியில் வைத்திருக்க ஒரு பி.எம்.டபிள்யூ 3 வரிசை: வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கல்லடியில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இது பதில். அவர் இதுவரை டொயோட்டா பிரீமியோ ஓட்டியவர். இப்போது கொழும்பில் 2016ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 318ஐ (318i) பெற்றோல் வாகனம் ஒன்றும், ஏறக்குறைய அதே விலைக்கு 2013ஆம் ஆண்டு 320டீ (320d) டீசல் வாகனம் ஒன்றும் பார்த்திருக்கிறார். வேலை மட்டக்களப்பு நகரத்துக்குள். வாரத்தில் ஒரு நாள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் உள்ள வயலுக்குப் போக வேண்டும். மாதத்தில் ஒருமுறையாவது கொழும்புப் பயணம் உண்டு. “இந்த வாகனத்தை வைத்திருப்பவர்களின் அனுபவம் உண்மையில் எப்படி? எங்கள் ஊரில் வைத்து இதைப் பராமரிக்க முடியுமா? இரண்டில் எது நல்லது?” என்பன அவரது கேள்விகள்.

முதலில் சுருக்கமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாவனைக்கு டீசல் வாகனம் பொருந்தாது. 318ஐ வாகனத்தை வாங்கலாம். ஆனால், அதை வாங்குவதற்கென்று வைத்திருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், முதல் ஆண்டுச் செலவுக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைக்க முடியுமானால் மட்டும் வாங்குங்கள். அந்தப் பங்கு வாகன விலையில் பத்தில் ஒன்றுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இந்த வாகனத்தை வாங்கிவிட்டு மனம் நொந்தவர்களில் பெரும்பாலானோர், யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்தவர்களே தவிர, மோசமான வாகனம் வாங்கியவர்கள் அல்லர்.

நீங்கள் பார்த்திருக்கும் இரண்டும் எப்30 என்ற குறியீடு கொண்ட ஆறாம் தலைமுறை 3 வரிசையைச் சேர்ந்தவை. 2011இன் இறுதியில் அறிமுகமாகி, 2012இலிருந்து விற்பனைக்கு வந்த இத்தலைமுறை 2015இல் சிறு மாற்றங்களுடன் புதுப்பிக்கப்பட்டது. அதன் பின்னர் ஜீ20 என்னும் அடுத்த தலைமுறை 2018இல் காட்சிக்கு வந்து 2019இல் விற்பனைக்கு வந்தது. 318ஐ என்ற பெயரில் 1499 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சினைப் பொருத்தியது 2015இன் புதுப்பிப்போடுதான். நம் நாட்டு இறக்குமதி வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து ஏறுவதால், 1500க்குச் சற்றுக் குறைவான இந்த எஞ்சின் இங்கே வரவேற்புப் பெற்றதில் வியப்பில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே, நீங்கள் பார்க்கும் வாகனத்துக்கு எத்தனை உரிமையாளர்கள் இருந்தார்கள் என்பதைக் கட்டாயம் கேட்டறியுங்கள்.

ஓட்டும் அனுபவத்தைப் பற்றிச் சொல்லாமல் பழுதுகளை மட்டும் அடுக்கினால் அது நேர்மையான பதிலாகாது; இந்த வாகனத்தை ஒருவர் வாங்குவதே அதை ஓட்டுவதற்காகத்தான். மூன்று சிலிண்டர் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால், 136 குதிரைவலுவும், 1250 சுழற்சியிலிருந்தே கிடைக்கத் தொடங்கும் 220 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசையும், இசட்.எப். நிறுவனத்தின் எட்டு வேகத் தானியங்கிக் கியர்பொக்ஸும் சேர்ந்து, வாகனத்தின் எடையை மறக்கச் செய்யுமளவுக்கு இணக்கமாக வேலை செய்கின்றன. ஊருக்கு வெளியே மணிக்கு 70 கிலோமீற்றர்தான் சட்டப்படியான எல்லை என்னும் நாட்டில் இவ்வளவு வலு எதற்கு என்று கேட்பவர்கள், புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையே நெல் ஏற்றிய லொறி ஒன்றின் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் வாகனம் இல்லாத அந்தச் சிறு இடைவெளிக்குள் முந்தி, மீண்டும் தன் பக்கத்துக்கு வந்து சேர எடுக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் பாதுகாப்பு. பின் சக்கரங்களுக்கு வலு செல்வதாலும், எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்பட்டிருப்பதாலும், வளைவில் வாகனம் நீங்கள் திருப்பிய இடத்துக்கே செல்கிறது. முன் சக்கர வாகனம் ஓட்டிப் பழகியவருக்கு இந்த வேறுபாடு முதல் நாளே கைக்குத் தெரியும். நிறுத்தி வைத்திருக்கும்போது எஞ்சினின் மெல்லிய நடுக்கம் இருக்கையில் உணரப்படும். அது இந்த எஞ்சினின் இயல்பு. ஆனால், கண்ணாடிகள் அதிரும் அளவுக்கு நடுக்கம் இருந்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

எரிபொருளைப் பொறுத்தவரை, நகரத்துக்குள் லீற்றருக்கு 10 கிலோமீற்றருக்குச் சற்று முன்பின்னாகவும், கொழும்புப் பயணத்தில் 15ஐ ஒட்டியும் எதிர்பார்க்கலாம். 95 ஒக்ரேன் பெற்றோலையே நிரப்புங்கள். டர்போ எஞ்சினுக்கு 92 ஊற்றி மிச்சம்பிடிக்கும் காசு பெரிய காசல்ல.

இனிப் பழுதுகளுக்கு வருகிறேன். வாகனம் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது ஓடிய கிலோமீற்றரைத்தான். இந்த வாகனத்தில் அது இரண்டாம்பட்சம். வெப்பமும் வயதும் இதன் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்கும் வேகத்துக்கு, ஓட்டம் இதன் உலோகத்தைத் தேய்ப்பதில்லை. எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காக எஞ்சினை உயர்ந்த வெப்பநிலையில் இயங்கவிடுவது இந்நிறுவனத்தின் வழக்கம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் செல்லும் குழாய்களின் இணைப்புகள், மேலதிகக் கூலன்ட் நிற்கும் தாங்கி, கூலன்டின் ஓட்டத்தை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் தேமொஸ்ரற்றின் உறை ஆகியவை பிளாஸ்டிக்கால் ஆனவை. ஐரோப்பியக் குளிரில் இவை பல ஆண்டுகள் நிற்கும். சித்திரை வெயிலில் மட்டக்களப்புக் கோவிந்தன் வீதி நெரிசலில் ஏசியுடன் நின்று நின்று ஊரும் வாகனத்தில் அவ்வளவு காலம் நிற்பதில்லை. பத்து ஆண்டு வயதுள்ள இணைப்பு ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்தால், பார்ப்பதற்கு முழுதாகவே இருக்கும். விரலால் அழுத்தினால் முறுக்கு உடைவதுபோல் நொறுங்கும். எனவே, 40,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடிய 2016ஆம் ஆண்டு வாகனம் என்று ஒருவர் சொன்னால், அதன் எஞ்சின் இளமையானது, கூலன்ட் தொகுதி முதுமையானது என்று கணக்கு வையுங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரீமியோ போன்ற பல வாகனங்களில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளையோ விளக்கையோ பார்த்துப் பழகியவர்கள் நாம். எப்30இன் கருவித் தட்டில் கூலன்ட் வெப்பத்தைக் காட்டும் முள் கிடையாது. எச்சரிக்கை திரையில் தோன்றும்போது சூடு ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் அடுத்த பெற்றோல் நிலையம் வரை ஓட்டிச் செல்லலாம் என்று நினைக்காமல், அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். அலுமினியச் சிலிண்டர் தலை வளைந்துவிட்டால் அதன் பின் வரும் செலவு, கூலன்ட் தொகுதி முழுவதையும் முன்கூட்டியே மாற்றும் செலவைப் போலப் பல மடங்காகும். கையடக்கத் தொலைபேசியோடு இணையும் வாகனக் கணினியின் தரவுகளைக் காட்டும் சிறிய ஓபிடி கருவி ஒன்றைப் பொருத்திக்கொண்டால் கூலன்டின் வெப்பத்தை எப்போதும் பார்க்கலாம். அதைப் பொருத்தாமல் வெலிக்கந்தைக் காட்டுப்பாதையில் இரவில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே வாகனத்தை நிறுத்திவிட்டு இறங்கி நிற்கக்கூடிய இடம் அதிகம் இல்லை, யானைகள் வீதிக்கு வரும் பகுதி அது.

எண்ணெய் மாற்றும் கால இடைவெளியை வாகனமே கணக்கிட்டு, 25,000 கிலோமீற்றருக்கு மேலும் போகலாம் என்று திரையில் காட்டும். அதை நம்ப வேண்டாம். நமது சூட்டிலும் குறுகிய ஓட்டங்களிலும் 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்குள், அல்லது ஆண்டுக்கொரு முறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். எண்ணெய்ப் போத்தலில் பி.எம்.டபிள்யூவின் லோங்லைப் தர அங்கீகாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். “இதுவும் 5டபிள்யூ30தான்” என்று கடைக்காரர் எடுத்துத் தரும் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. இந்தப் பெற்றோல் எஞ்சினில் எண்ணெய் அளவைப் பார்க்கும் கம்பி கிடையாது. எஞ்சின் சூடான பிறகு திரை மெனுவுக்குள் சென்று அளக்க வேண்டும். ஆதலால், நமது சேவிஸ் நிலையங்களில் கம்பியைத் தேடிக் களைத்துப்போய், குத்துமதிப்பாக ஊற்றிவிடுவதும் உண்டு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. எண்ணெய் வடிகட்டி இருக்கும் உறையின் கஸ்கெட்டிலும் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) வால்வு மூடியின் கஸ்கெட்டிலும் கசிவு தொடங்குவது இவ்வயதில் இயல்பானது; எரிந்த எண்ணெய் வாடை ஏசிக் காற்றோடு உள்ளே வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

கியர்பொக்ஸ் எண்ணெய் ஆயுட்காலத்துக்கும் போதும் என்று வாகன நிறுவனம் சொல்கிறது. கியர்பொக்ஸைச் செய்த இசட்.எப். நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேளுங்கள். இதில் எண்ணெய்த் தட்டும் வடிகட்டியும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக இருப்பதால் தட்டையே மாற்ற வேண்டும். புதிய எண்ணெயை ஊற்றி மட்டம் பார்க்கும்போது கியர்பொக்ஸ் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்பதால், அதைக் கணினியில் வாசிக்கத் தெரிந்தவரிடமே இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்காகக் கொழும்போ கண்டியோ போனாலும் தகும்.

டீசல் வாகனம் ஏன் வேண்டாம் என்று சொன்னேன் என்பதை விளக்க வேண்டும். 320டீ நல்ல வாகனம்தான். 184 குதிரைவலுவும் 380 நியூட்டன் மீற்றர் இழுவையும் கொண்ட அதை ஒருமுறை ஓட்டிவிட்டால் 318ஐ மெதுவானதாகவே தோன்றும். நாள்தோறும் நூறு கிலோமீற்றர் ஓடுபவர் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கவும் கூடும். ஆனால், கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து நகரத்துக்குள் வந்து போகும் ஓட்டத்தில் டீசல் எஞ்சின் முழுச்சூட்டை அடைவதற்குள் நீங்கள் அலுவலக வாசலுக்கு வந்துவிடுவீர்கள். புகைக்குழாயில் இருக்கும் நுண்துகள் வடிகட்டி, சேர்ந்த கரியைத் தானே எரித்துத் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ள, சீரான வேகத்தில் தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும். அது கிடைக்காதபோது பாதியில் நின்றுபோன எரிப்புகளால் வடிகட்டி அடைபடுகிறது. எரிப்பதற்கெனக் கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பகுதி எஞ்சின் எண்ணெயோடு கலக்கிறது. மாதத்தில் ஒரு கொழும்புப் பயணம் ஓரளவுக்கு உதவும், ஆனால் இடையில் வரும் மற்ற நாட்கள் அதை விழுங்கிவிடும். இதற்குமேல் யூரோ 4 தரச் சுப்பர் டீசலைத் தவிர வேறெதையும் ஊற்றவே கூடாது. எல்லா நிலையங்களிலும் எல்லா நேரமும் அது இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

2013ஆம் ஆண்டு 320டீயில் இருப்பது என்47 எஞ்சின். அதன் ரைமிங் செயின் (வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் சங்கிலி) எஞ்சினின் முன்பக்கத்தில் இல்லாமல், கியர்பொக்ஸ் பக்கமாகப் பின்னால் அமைந்திருக்கிறது. முந்தைய தலைமுறை வாகனங்களில் இந்தச் செயின் தேய்ந்து அறுந்தமை பரவலாக அறியப்பட்ட விடயம். எப்30க்கு வந்தபோது பாகங்கள் திருத்தப்பட்டு நிலைமை மேம்பட்டது என்றாலும், சத்தம் கேட்கத் தொடங்கினால் எஞ்சினையோ கியர்பொக்ஸையோ இறக்காமல் அதை அணுக முடியாது என்ற உண்மை மாறவில்லை. நேர்மையாகச் சொன்னால் 318ஐயின் எஞ்சினிலும் செயின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது; ஆனால் அதில் செயின் முறைப்பாடுகள் அந்த அளவுக்கு எழவில்லை. இன்னொன்று, 2018இல் தென்கொரியாவில் டீசல் பி.எம்.டபிள்யூக்கள் பல தீப்பிடித்ததை அடுத்து, புகையை மீள்சுழற்சி செய்யும் தொகுதியின் குளிரூட்டியில் கூலன்ட் கசிந்து கரியோடு சேர்ந்து எரியக்கூடும் என்பது தெரியவந்து, உலகெங்கும் பத்து இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்கள் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டன. டீசலைத்தான் வாங்குவேன் என்று நின்றால், சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து அந்தத் திருத்தம் இந்த வாகனத்துக்கு உரியதா, செய்யப்பட்டதா என்று முகவரிடம் கேட்ட பிறகே முற்பணம் கொடுங்கள்.

ரயர்களைப் பற்றி இந்த வாகனம் வைத்திருப்பவர்கள் எல்லோருமே ஏதாவது சொல்வார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இதில் இருப்பவை காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ரன்பிளற் ரயர்கள். அதனால் உபரிச் சில்லு கொடுக்கப்படவில்லை. அதை வைப்பதற்கான ஆழமான குழியும் பின்பெட்டியின் அடியில் இல்லை. காற்று முற்றாகப் போனாலும் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாமல் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் ஓடலாம் என்பது இதன் கணக்கு. ஜேர்மனியில் அந்தத் தூரத்துக்குள் சரியான கடை கிடைத்துவிடும். இங்கே ரயர் கிழிந்த இடத்திலிருந்து 80 கிலோமீற்றருக்குள் நீங்கள் அடையும் கடையில் அந்த அளவில் ரன்பிளற் ரயர் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பக்கச்சுவர் தடிப்பானது என்பதால் வீதியின் ஒவ்வொரு வெடிப்பையும் முதுகெலும்புக்கு அறிவிக்கும் பண்பும் இவற்றுக்கு உண்டு. ஆகவே, இருப்பவை தேய்ந்ததும் சாதாரண ரயர்களுக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து. 17 அங்குலச் சில்லுக்கு 225/50 என்ற அளவு தாராளமாகக் கிடைக்கும். 18 அங்குலத்தில் வரும் 225/45 அழகாக இருக்கும், ஆனால் குழியில் விழுந்தால் சில்லின் விளிம்பு வளையும். மாறிய பிறகு மெலிந்த உபரிச் சில்லு ஒன்றையும் ஜக்கையும் பின்பெட்டிக்குள் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 480 லீற்றர் இடத்தில் ஒரு பங்கு அதற்குப் போகும். தூரப் பயணத்தில் அந்த இழப்பு உறுத்தாது. புதிய வாகனத்துக்குத் தேசிக்காய் வைத்து நசுக்கும் நாளிலேயே இந்தச் சில்லையும் வாங்கிவிட்டால் நல்லது, பிறகு என்று தள்ளினால் அது நடக்காது.

வயலுக்குப் போவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் இந்த வாகனத்துக்குப் பெரிய தடை எதுவும் இல்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வேறு கதை. மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலை வரை பிரதான வீதியில் தாராளமாகப் போகலாம். அதற்கப்பால் கிரவல் வீதிகளில் உழவு இயந்திரங்கள் தோண்டிவிட்ட இரண்டு தடங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் மண்மேடு, நிலத்திலிருந்து ஏறக்குறைய 140 மில்லிமீற்றர் மட்டுமே உயரமுள்ள இந்த வாகனத்தின் வயிற்றை உரசும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்புத் தகடுகள் முதலில் கழன்று தொங்கும். அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும் வாகனங்களை இங்கே பார்க்கலாம். அப்படிச் செய்யக் கூடாது. காற்று எஞ்சினைச் சுற்றிச் செல்லும் பாதையை அமைப்பதிலும் சேற்றைத் தடுப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. முன் சில்லைத் தாங்கும் கைகளின் ரப்பர் புஷ்களில் திரவம் நிரம்பியிருக்கும். அவை கிழிந்தால், வேகத்திலிருந்து பிறேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். பலர் பிறேக் தட்டுத்தான் வளைந்துவிட்டது என்று நினைத்து அதை மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போக முடிந்தால் அப்படியே போங்கள்.

வயலோரத்தில் வீடு உள்ளவர்களுக்கு எலியும் ஒரு பிரச்சினை. பெரும்போக அறுவடை முடிந்ததும் வயலை விட்டு வெளியேறும் எலிகள், சூடாக இருக்கும் எஞ்சின் மேல்மறைப்பின் அடியில் குடியேறி வயர்களைக் கடிக்கும். திரையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து எச்சரிக்கைகள் ஒரே காலையில் வந்தால், விலைகூடிய பாகம் எதையும் மாற்றுமுன் மேல்மறைப்பைத் தூக்கி, அடியில் வைக்கோலோ எச்சமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லடியில் வசிப்பவருக்குக் கடற்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரும்புக் கதவையே இரண்டு மாரிக்குள் தின்னும் காற்று அது. வாகனத்தின் மேலுடம்பு நன்கு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. துருப்பிடிப்பது அடியில் இருக்கும் ஆணிகள், பிறேக் குழாய் இணைப்புகள், ஏசியின் முன் கொன்டென்சர் ஆகியவையே. வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், ஆனால் கடலோரக் கிணற்றின் உவர்த்தண்ணீரால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதாகத்தான் முடியும். குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கடற்கரை மணலுக்குள் இறக்கவும் வேண்டாம். பின் சக்கர வாகனம் மணலில் தன் குழியைத் தானே தோண்டும். இறங்கிப் புதைந்துவிட்டால், இழுப்பதற்கான கொளுக்கி பம்பரில் நிரந்தரமாக இல்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும். அது பின்பெட்டியில் கருவிகளோடு இருக்கும். பம்பரில் உள்ள சிறு மூடியைத் திறந்து திருகிப் பொருத்த வேண்டும்.

மாரிகாலத்தில் இன்னும் கவனம் தேவை. அசையாமல் நிற்கும் தண்ணீரில் 25 சென்ரிமீற்றர் ஆழம் வரை, நடைவேகத்தில் மட்டும் செல்லலாம் என்று வாகனத்தின் கைநூலிலேயே எழுதியிருக்கிறது. அதாவது, முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலளவு. மகாவலி பெருகும்போது மன்னம்பிட்டிப் பக்கத்திலும், அம்பாறைக்குப் போகும் மாவடிப்பள்ளி வீதியிலும் வரும் வெள்ளம் அந்த அளவில் நிற்பதில்லை, அசையாமலும் இருப்பதில்லை. முன்னால் போன கென்டர் லொறி கடந்துவிட்டது என்பதைப் பார்த்து இறங்காதீர்கள். எஞ்சின் ஒரு மிடறு தண்ணீரை உள்ளே இழுத்தாலும் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். வெள்ளச் சேதத்தைக் காப்புறுதி உள்ளடக்குகிறதா என்று பத்திரத்தில் வாசித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். “புல் இன்சூரன்ஸ்” என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

பற்றரி பின்பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. அதை மாற்றும்போது புதிய பற்றரியைக் கணினி மூலம் வாகனத்துக்குப் பதிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பற்றரிக்கான அளவிலேயே சார்ஜ் செய்து, புதியதையும் விரைவில் கெடுத்துவிடும். அதே வகைப் பற்றரியைத்தான் போட வேண்டும், விலை கூடுதல் என்பதற்காகச் சாதாரணமானதைப் போடக் கூடாது.

இவற்றையெல்லாம் மட்டக்களப்பில் செய்ய முடியுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எண்ணுகிறேன். எண்ணெய், பிறேக், புஷ், ரயர், ஏசி ஆகிய வேலைகளைக் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் இங்கேயே செய்வார். வளைகுடா நாடுகளில் இதே வாகனங்களில் வேலை செய்து திரும்பியவர்கள் நமது மாவட்டத்தில் குறைவில்லை. குறைவாக இருப்பது இந்த வாகனத்தின் எல்லாக் கணினிகளோடும் பேசக்கூடிய ஸ்கான் கருவியும், வாசித்த குறியீட்டைப் பொருள் கொள்ளும் பொறுமையும்தான். ஒரு குறியீடு ஒரு சென்சரின் பெயரைச் சொன்னால் அந்தச் சென்சர் பழுது என்று அர்த்தமல்ல. காற்றுக்குழாயில் உள்ள சிறு வெடிப்பும் அதே குறியீட்டைத் தரும். எனவே, பாகத்தை மாற்று என்பவரை விட, எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டால் காட்டித்தரக்கூடியவரைத் தேடிப் பிடியுங்கள். உதிரிப்பாகங்களைச் சேசிஸ் இலக்கத்தின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்தே வாங்க வேண்டும். 2016 318ஐ என்று மட்டும் சொன்னால் தவறானது வந்து சேர வாய்ப்புண்டு. கொழும்பிலிருந்து பேருந்தில் போட்டுவிட்டால் பொதுவான பாகங்கள் மறுநாள் காலையில் கைக்கு வரும். வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியவற்றுக்கு வாரக்கணக்காகும், அந்த நாட்களில் ஓட வேறொரு வாகனம் வீட்டில் இருப்பது நிம்மதி. பிரீமியோவை உடனே விற்றுவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பென்ஸ் சீ வகுப்பு இதைவிட நல்லதா என்று பலரும் கேட்பார்கள். 2014இல் வந்த டபிள்யூ205 என்ற அதன் தலைமுறை உட்புற அழகிலும் மென்மையிலும் முந்தியது. காற்று சஸ்பென்சன் பொருத்தப்பட்டதை மட்டும் தவிருங்கள். அவுடி ஏ4 பெரும்பாலும் முன் சக்கர வாகனம். ஓட்டும் இன்பத்துக்காக வாங்குபவருக்கு அது முதல் தெரிவல்ல. 330ஈ (330e) என்ற, மின்னிணைப்பில் சார்ஜ் செய்யும் பிளக்இன் ஹைபிரிட் மலிவாகக் கிடைத்தால், 7.6 கிலோவாற் மணி பற்றரியின் இப்போதைய நிலையை எழுத்தில் பெறாமல் தொட வேண்டாம்.

பத்திரங்களில் பார்க்க வேண்டியவை சில உண்டு. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனம் இருக்கிறதா, வரிச்சலுகைப் பேர்மிட்டில் வந்த வாகனமாயின் கைமாற்றத் தடைக்காலம் முடிந்துவிட்டதா என்பன அவற்றில் முதன்மையானவை. பிரித்தானியாவில் ஓடி இங்கே வந்த வாகனமாயின், அங்கிருந்த பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்நாட்டு அரசின் இணையத்தளத்தில் அந்த இலக்கத்தைப் போட்டால் வாகனத்துக்கு மூன்று வயதானதிலிருந்து ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற தகுதிப் பரிசோதனை நடந்திருந்தால், அதன் முடிவும் அன்றைய மைல் கணக்கும் இலவசமாகவே கிடைக்கும். மீற்றர் பின்னோக்கிச் சுற்றப்பட்டிருந்தால் அங்கே பிடிபடக்கூடும். அந்நாட்டுக் குளிர்கால வீதிகளில் உப்புத் தூவுவார்கள் என்பதால், அத்தகைய வாகனத்தைக் கட்டாயம் உயர்த்தி அடிப்பாகத்தைப் பாருங்கள். ஏற்கெனவே உப்புத் தின்ற வாகனம் கல்லடிக் காற்றுக்கு வருவது நல்லதல்ல.

பார்க்கப் போகும்போது, முதல் நாள் இரவிலிருந்து எஞ்சினை இயக்காமல் வைத்திருக்கும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் எஞ்சின் மூடியில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். குளிர்ந்திருந்தால், கூலன்ட் தாங்கியின் மட்டத்தையும் அதைச் சுற்றி வெள்ளையாகவோ கூலன்டின் நிறத்திலோ காய்ந்த கறை இருக்கிறதா என்பதையும் பார்த்த பின்னர், நீங்கள் வெளியே நின்றுகொண்டு மற்றவரை இயக்கச் சொல்லி, முதல் சில வினாடிகளில் பின்பக்கத்திலிருந்து செயின் உரசும் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். பிறகு ஏசியைப் போட்டு அரை மணி நேரம் கொழும்பு நெரிசலில் ஓட்டி, திரும்பி வந்து அதே தாங்கியை மீண்டும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கூலன்ட் தொகுதியின் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கழிக்க மறுத்தால், இதே ஆண்டு 318ஐ வேறும் சந்தையில் இருக்கிறது.